வயிற்றிலிருந்து நீ அனுப்பியவை

கண்ணு, நீ இதைப் படிக்கிற வயதில் எனக்கு என்ன வயதிருக்கும் என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். உனக்கு இருபது என்றால் எனக்கு முப்பத்தேழுதான். இப்போது எனக்குப் பதினெட்டு. உனக்கு இன்னும் ஒரு வாரத்தில் ஒரு வயது முடிகிறது. நான் எழுத உட்கார்ந்ததும் நீ தவழ்ந்து வந்து இந்த நோட்டின் ஓரத்தைக் கடித்துவிட்டாய். அதனால் இந்தப் பக்கத்தில் ஒரு மூலை இருக்காது, பார்த்துக்கொள். வளர்ந்த மகனிடம் ஒரு தாய் எப்படிப் பேசுவாள் என்று எனக்குத் தெரியாது. வளர்ந்தவர்கள் யாரிடமும் எனக்குப் பேச வராது. பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடும்போது ‘உள்ளேன் டீச்சர்’ என்று சொல்லக் குரல் எழும்பாமல் கையை மட்டும் தூக்குவேன். டீச்சர் நிமிர்ந்து பார்க்காத நாட்களில் நான் வரவில்லை என்று குறித்துவிடுவார். எட்டாம் வகுப்பு முடிந்ததும், அதற்கு மேல் படிக்க வேண்டுமானால் தினமும் பஸ்ஸில் போக வேண்டும் என்றார்கள். பஸ்ஸில் உட்கார இடம் கேட்பதை நினைத்தே நான் நின்றுவிட்டேன். வீட்டிலும் யாரும் போ என்று சொல்லவில்லை. ஆனால் எழுதுவது எனக்குப் பிடிக்கும். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்றுதான். நீ பிறந்த விதத்தைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. யாராவது ஒருவர் உன் காதில் அதைப் போடாமல் இருக்கமாட்டார்கள். பிறப்பதற்கு முன்பே தாயை விழுங்கப் பார்த்த பிள்ளை என்பார்கள். அது உண்மையில்லை. அந்தப் பேச்சு கிளம்பக் காரணம் நான். எப்படி என்று முதலிலிருந்து சொல்கிறேன்.

இதே மலையின் அந்தப் பக்கத்தில் இருக்கும் குண்டனி நாட்டிலிருந்து இந்தத் திருப்புலி நாட்டுக்கு, உன் அப்பாவுக்கு மனைவியாக வந்தபோது எனக்குப் பதினாறு முடிந்திருந்தது. இந்த வீட்டில் பெண்கள் யாரும் இல்லை. உன் அப்பாவின் அம்மா முன்பே இறந்துவிட்டார். உன் அப்பா போர்வெல் போடும் லாரியில் வேலைக்குப் போகிறவர். கல்யாணமாகி இரண்டு மாதத்தில் வண்டியோடு வடக்கே போனவர், வருடத்துக்கு ஒருமுறைதான் மலையேறுவார். மீதி நாளெல்லாம் உன் அப்பாருவும் நானும்தான். அவர் நல்லவர். ஆனால் மருமகளும் மாமனாரும் நேருக்கு நேர் பேசிக்கொள்கிற வழக்கம் இங்கே இல்லை. அவர் மிளகுக்கொடியைப் பார்க்கக் காட்டுக்குப் போவார், நான் மரவள்ளிக்குக் களை எடுப்பேன். பொழுது இறங்கும்போதுதான் அன்றைக்கு நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது நினைவுக்கு வரும். பேசுவதற்கு இருந்த ஒரே ஆள் உன் செல்லாயி அத்தை. அப்பாவின் அக்கா. பெரக்கரை நாட்டில் கட்டிக்கொடுத்திருக்கிறது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடமாகியும் பிள்ளையில்லை. வாரம் ஒருமுறை பஸ்ஸேறி என்னைப் பார்க்க வருவாள். வாசலிலிருந்தே, “ஏனுங் மகாராணி, இன்னைக்காச்சும் வாயத் தொறக்கறீங்களா, இல்ல நான் இப்பிடியே பஸ்ஸுக்குத் திரும்பட்டுங்களா?” என்று கத்துவாள். நான் சிரித்துவிடுவேன். சிரித்த பிறகு பேச்சும் வரும்.

நீ வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது என் கால் வீங்கியது. பார்த்தவர்களெல்லாம் நீர் ஏறியிருக்கிறது, பையன்தான் என்றார்கள். பஸ் நிறுத்தத்துக்கு அருகில் இருந்த பள்ளிக்கூடத்தில் நர்சம்மா வந்து கர்ப்பிணிகளைப் பார்க்கும் நாளில் நானும் போனேன். கையில் பட்டை கட்டிப் பிரஷர் பார்த்துவிட்டு அவர் உதட்டைப் பிதுக்கினார். ஒரு சின்னப் பாட்டிலைக் கொடுத்து, மூத்திரம் பிடித்துக்கொண்டு வரச் சொன்னார். நான் அசையாமல் நின்றேன். “இதுக்கென்ன சாமி வெக்கம்? ஊரு ஒலகத்துல எல்லாரும் போறதுதான், ஓடு” என்றார். பள்ளிக்கூடத்தில் கக்கூஸ் கிடையாது. பஸ் நிறுத்தத்தைத் தாண்டி, சில்வர் ஓக் மரங்களுக்குப் பின்னால் போக வேண்டும். அன்றைக்கு நிறுத்தத்தில் பத்துப் பதினைந்து ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். உன் அப்பாருவும் அவர்களோடு இருந்தார். போகும்போது பாட்டிலை மறைத்துக்கொள்ளலாம். திரும்பும்போது அதற்குள் இருப்பதை என்ன செய்வது? வெதுவெதுப்பான ஒன்றை முந்தானையில் பொத்திக்கொண்டு மாமனார் முன்னால் நடப்பதை நினைத்தாலே எனக்கு உடம்பு கூசியது. மரத்துக்குப் பின்னால் ஒரு ஊற்று உண்டு. பாட்டிலில் அந்தத் தண்ணீரைப் பிடித்தேன். பள்ளிக்கூடத்தின் பின்பக்கமாகச் சுற்றி வந்தேன். அங்கே யாரோ பாலில்லாத வரக்காப்பி குடித்துவிட்டு வைத்திருந்த டம்ளரில் அடிக்காப்பி கொஞ்சம் மீதமிருந்தது. அதில் இரண்டு சொட்டு பாட்டிலில் விட்டேன். நிறம் சரியாக வந்தது. அந்த வேளையில் அது எனக்குப் பெரிய சாமர்த்தியமாகத் தோன்றியது.

நர்சம்மா அதைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றிச் சின்ன விளக்கில் காட்டிச் சுடவைத்தார். உடம்பிலிருந்து ஒழுகக்கூடாத சத்து ஒழுகினால், சூட்டில் அது முட்டையின் வெள்ளைபோலத் திரியுமாம். என் குழாயில் ஒன்றும் திரியவில்லை. “சுத்தமா இருக்குது சாமி. பிரஷர் கொஞ்சம் தூக்கலாத்தான் இருக்குது. மேட்டுல ஏறி வந்ததுல இருக்கும். அடுத்த வாரம் வா, இன்னொருக்கா பாக்கலாம்” என்றார். அடுத்த வாரம் மறுபடியும் பாட்டில் கொடுப்பாரே என்று நான் போகவில்லை. அடுத்த மாதமும் போகவில்லை.

பிறகு நடந்ததில் பாதி எனக்குத் தெரியாது. தலைவலி இரண்டு நாள் இருந்தது. மரவள்ளிக்கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருந்தபோது கண்ணுக்கு முன்னால் மினுக்கு மினுக்கென்று பறந்தது. அன்று வந்திருந்த செல்லாயி அத்தையிடம், “அக்கா, கண்ணு…” என்று தொடங்கியது வரைக்கும் நினைவிருக்கிறது. வலிப்பு வந்துவிட்டதாம். அத்தை என் பற்களுக்கு நடுவில் தன் விரலைக் கொடுத்திருக்கிறாள். அந்தத் தழும்பு இன்றும் அவள் கையில் இருக்கிறது. அன்னாசிப்பழம் ஏற்றிக்கொண்டிருந்த ஜீப்பில் பழத்தையெல்லாம் இறக்கிவிட்டு என்னைப் படுக்கவைத்து மலைப்பாதையின் எழுபது வளைவும் இறக்கியிருக்கிறார்கள். நடுவழியில் இரண்டாவது முறையும் வலிப்பு வந்ததாம். சமவெளியில் பெரிய ஆஸ்பத்திரியில், எட்டாவது மாதத்திலேயே வயிற்றைக் கீறி உன்னை எடுத்தார்கள். மூன்றாம் நாள் நான் கண் விழித்தபோது கதவுக்கு அந்தப் பக்கம் உன் அப்பாரு யாரிடமோ சொல்வது கேட்டது. “மூத்தரம் பாத்தாங்க, சுத்தமா இருக்குதுன்னு நர்சம்மாளே சொன்னாங்க. ஒடம்புல ஒரு கொறையுமில்ல. அப்பறம் இதென்ன? ஆத்தாளக் கொண்டுபோகத்தான் வந்திருக்குது இந்தப் புள்ள.”

இப்போது புரிகிறதா கண்ணு? என் பாட்டில் சுத்தமாக இருந்ததால், நோய் என்னிடம் இல்லை என்று ஆயிற்று. என்னிடம் இல்லாவிட்டால் வேறு எங்கே இருக்கும்? மிச்சமிருந்தது நீதான்.

அடுத்து எழுதப்போவதை எழுதுவதற்குள் இரண்டு தடவை எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். நானும் அதை நம்பினேன். பாட்டிலில் என்ன இருந்தது என்று எனக்கு மட்டும்தானே தெரியும். தெரிந்திருந்தும் நம்பினேன். உன்னை வைத்திருந்த குழந்தைகள் வார்டு மேல்மாடியில் இருந்தது. கண் விழித்த பிறகும் ஐந்து நாள் நான் அங்கே போகவில்லை. தையல் வலிக்கிறது என்று சொன்னேன். நர்சுகள் என்னிடமிருந்து பாலைப் பீய்ச்சி ஒரு டம்ளரில் எடுப்பார்கள். செல்லாயி அத்தை அதை மூடிக்கொண்டு மாடியேறிப் போய்ப் பாலாடையில் சொட்டுச் சொட்டாக உனக்குக் கொடுப்பாள். சட்டைக்குள் உன்னை நெஞ்சோடு வைத்துச் சூடு கொடுக்கச் சொன்னார்கள், அதையும் அவளே செய்தாள். இறங்கி வந்து கட்டிலில் உட்கார்ந்து கதை சொல்வாள். “என்ர வெரலப் புடிச்சா உட மாட்டேங்குதுடி. கஞ்சப்பயலாட்டம் புடிச்சிருக்குது.” நான் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். அவள் குரல் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

நான் படுத்திருந்த வார்டுக்கு ஒரு டாக்டரம்மா வருவார். சின்ன வயதுதான். மேல்படிப்புக்காக, என்னைப்போல வலிப்பு வந்தவர்களிடம் இரத்தம் எடுத்துக்கொண்டிருந்தார். ஆறாவது நாள் என் கையில் ஊசி போட்டுக்கொண்டே, “ரெண்டு ஸ்பூன்தான், பயப்படாதே” என்றார். நான் அதுவரை முன்பின் தெரியாத யாரிடமும் கேள்வி கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன். “எம்புள்ள எனக்குள்ள விசத்த உட்டுதுங்களா?” அவர் ஊசியை எடுத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“யாரு சொன்னா?” என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். “ஒடம்புல ஒவ்வொரு செல்லும் தன் தோல்ல இருந்து குட்டிக் குட்டியா குமிழி கிள்ளி வெளியே விடும். சாதாரண மைக்ராஸ்கோப்ல பாத்தாக்கூடத் தெரியாது, அவ்வளவு சின்னது. அது ரத்தத்துல மிதந்து போகும்.”

“குப்பைங்களா?”

“ரொம்ப நாளா நாங்களும் அப்படித்தான் நினைச்சோம். தூசின்னே பேர் வெச்சிருந்தாங்க. இப்போ பாத்தா, ஒவ்வொண்ணுக்குள்ளயும் எதையோ வெச்சு அனுப்புது. போய்ச் சேர்ற எடத்துல இன்னொரு செல் அதை உள்ளே இழுத்துக்குது. நல்லதும் இப்படித்தான் போகுது, கெட்டதும் இப்படித்தான் போகுது. புத்துநோய் ஒரு எடத்துல இருந்து இன்னொரு எடத்துக்குப் போறதுக்குக்கூட இது வழி பண்ணிக் குடுக்குதுன்னு சொல்றாங்க. காயம் ஆறுறதுலயும் இதுக்குப் பங்கு இருக்கு. வயித்துல புள்ளை இருந்தா, நச்சுக்கொடியில இருந்தும் இந்தக் குமிழி தாயோட ரத்தத்துக்கு வந்துக்கிட்டே இருக்கும். எல்லாத் தாய்க்கும் வரும். எங்கம்மாவுக்கும் வந்திருக்கும், நான் அனுப்பியிருப்பேன்.”

எனக்கு மட்டும் ஏன் இப்படி ஆனது என்று கேட்டேன். நச்சுக்கொடிக்கு இரத்தம் போதாமல் போனால் அது வாடும், வாடினால் அதிலிருந்து உதிர்வதும் கூடிப்போகும் என்றார். உதிர்ந்தது தாயின் இரத்தக் குழாய்களின் உட்சுவரை உறுத்தும். குழாய் சுருங்கும், பிரஷர் ஏறும், சிறுநீரகம் ஒழுகும், முற்றினால் வலிப்பு வரும். சின்ன வயதில் முதல் பிள்ளை சுமக்கிறவர்களுக்கு இது அதிகம் வருமாம். இன்னும் முழுதாகக் கண்டுபிடித்து முடியவில்லை, அதற்காகத்தான் என் இரத்தத்தை எடுத்துக் கருவியில் சுற்றவிட்டு அந்தக் குமிழிகளை எண்ணுவதாகச் சொன்னார். “அப்ப எம்புள்ளைக்கு உள்ள பசிங்களா?” என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இப்படி எழுதினா எங்க புரொபசர் என்னை வெளியே போகச் சொல்லிடுவார். ஆனா ஆமா, பாதி அப்படித்தான்.” பிறகு, “பால் குடுக்கிறே இல்ல? பால்லயும் இதே குமிழிங்க இருக்குன்னு சொல்றாங்க. இப்போ நீ அனுப்புற முறை” என்றார். அவர் போன பிறகு நான் சுவரைப் பிடித்துக்கொண்டு மாடியேறினேன். கண்ணாடிக்குப் பின்னால் நீ அத்தையின் நெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தாய். பசிக்கிறது என்று எட்டு மாதம் நீ சொல்லி அனுப்பியிருக்கிறாய். அதைக் கேட்கத் தெரியாத உடம்பாக என் உடம்பு இருந்திருக்கிறது.

டாக்டரம்மா அன்று போகும் முன் இன்னொன்றும் கேட்டார். ஊரில் மூத்திரப் பரிசோதனை செய்தார்களா என்று. செய்தார்கள், சுத்தம் என்றார்கள் என்று சொன்னேன். அவர் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு அதை நோட்டில் எழுதினார். அவருடைய படிப்புக்குள் என் பொய் ஒன்று இருக்கிறது கண்ணு. அந்த நோட்டை வைத்து அவர் எதைக் கண்டுபிடித்தாலும் அதில் என் பங்கு தப்பாகத்தான் இருக்கும். உனக்குக் கல்யாணமாகி உன் மனைவிக்கு மாதம் நிற்கும்போது அவளோடு நீ போ. வெட்கப்படுகிறாளே என்று விட்டுவிடாதே. ஏதாவது கையில் கொண்டுவரச் சொன்னால் நீ வாங்கிக்கொண்டு எல்லார் முன்னாலும் நட. உன் பிரஷரையும் அவ்வப்போது பார்த்துக்கொள். இப்படிப் பிறந்த பிள்ளைகள் பார்த்துக்கொள்வது நல்லது என்று அவர்தான் சொன்னார்.

ஊருக்குத் திரும்பியபோது பேச்சு நமக்கு முன்பே மலையேறியிருந்தது. உனக்குச் சளி பிடித்தாலும் எனக்குத் தலை சுற்றினாலும் அதையே சொன்னார்கள். தாய்க்கும் பிள்ளைக்கும் ஆகாது, பிரித்து வைத்தால்தான் இரண்டும் தங்கும் என்று முடிவு செய்தார்கள். இங்கே ஒரு வழக்கம் உண்டு. ஆகாத பிள்ளையை முறத்தில் கிடத்தி, வேறொருத்தி ஒரு பிடி சாமைத் தவிடு கொடுத்து அதை வாங்கிக்கொள்வாள். பெற்றவள் தவிட்டை முந்தானையில் ஏந்தினால் பிள்ளை கைமாறியதாக அர்த்தம். பெரும்பாலும் அங்கேயே திரும்ப வாங்கிக்கொள்வார்கள். பிள்ளைக்குத் தவிடன் என்று ஒரு பேர் மட்டும் மிஞ்சும். உனக்கு அப்படியில்லை. செல்லாயி அத்தையே வாங்கிக்கொண்டு போய் வளர்ப்பதாகப் பேச்சு. உன் அப்பாவும் போனில், “அக்காகிட்டத்தான இருக்கப்போவுது, வேற எங்கியா?” என்று சொல்லிவிட்டார். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் தலையைத்தான் ஆட்டியிருப்பேன்.

உனக்குப் பத்து மாதமாக இருந்தபோது ஒரு காலையில் அத்தை வந்தாள். உனக்கு மஞ்சளில் ஒரு சட்டை தைத்து எடுத்துவந்திருந்தாள். தன் வீட்டில் தொட்டில் கட்ட விட்டத்தில் கொக்கி அடித்துவிட்டதாகச் சொன்னாள். சந்தோஷத்தை என்னிடம் காட்டக்கூடாது என்று முகத்தை அடக்கிக்கொண்டிருந்தாள். ஊர்ப் பெரியவர் ஒருவர், உன் அப்பாரு, அக்கம்பக்கத்தார் என்று வாசல் நிறைய ஆட்கள். உன்னை முறத்தில் கிடத்தினார்கள். நீ உன் கால் கட்டைவிரலைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டாய். அத்தை தவிட்டை அள்ளி என் பக்கம் நீட்டினாள். “முந்தானையப் புடி, கண்ணு” என்றார் பெரியவர்.

என் கை முந்தானையைப் பிடித்துவிட்டது. விரிக்கவில்லை. “நர்சம்மாவுக்கு நான் குடுத்தது மூத்தரமில்லீங்க” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. “என்ன சொல்லுது இந்தப் புள்ள?” என்றார் பெரியவர். மறுபடியும் சொன்னேன். ஊற்றுத் தண்ணீர், காப்பி, பஸ் நிறுத்தத்தில் ஆண்கள் உட்கார்ந்திருந்தது எல்லாவற்றையும் சொன்னேன். நோய் என்னிடம்தான் இருந்தது, முன்பே தெரிந்திருக்க வேண்டியது, நான்தான் மறைத்தேன், பிள்ளைமேல் ஒரு குற்றமும் இல்லை என்றேன். யாரோ ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “மாமனார் முன்னால பேசற பேச்சா இது?” என்றார் பெரியவர். உன் அப்பாரு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு காட்டுப் பக்கம் நடந்துவிட்டார்.

செல்லாயி அத்தை மட்டும் அசையாமல் நின்றாள். “ஏன்டி, எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமல்லோ” என்றாள். “வெக்கமா இருந்துச்சுங்கக்கா.” “இப்ப இல்லியா?” என்று கேட்டாள். குனிந்து உன்னை முறத்திலிருந்து தூக்கினாள். கொஞ்ச நேரம் தோளில் வைத்திருந்தாள். பிறகு என் கையில் கொடுத்துவிட்டு, தவிட்டைக் கோழிக்கு எறிந்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். மஞ்சள் சட்டை முறத்திலேயே கிடந்தது.

அது நடந்து இரண்டு மாதம் ஆகிறது. உன் அப்பாரு உன்னைப் பார்த்துத்தான் என்னிடம் பேசுகிறார். “உங்கம்மாகிட்டச் சொல்லு சாமி, தண்ணி சுட வெக்கச் சொல்லி” என்பார். உனக்கோ இன்னும் ‘ம்மா’ என்பதற்கு மேல் வார்த்தை வரவில்லை. நான் வைத்த தண்ணீரில் குளித்துவிட்டு உன்னைத் தூக்கிக்கொண்டு மிளகுக்கொடியைக் காட்டப் போகிறார். உன்னைத் தூக்குகிறார், அது எனக்குப் போதும். உன் அப்பா போனில், “நீ சொன்னது நெசமா?” என்றார். நெசம் என்றேன். ரிக் வண்டி ஓடுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. “செரி, புள்ளையப் பாத்துக்க” என்று வைத்துவிட்டார். ஊற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போனால் பெண்கள் சிரிப்பை அடக்குவது தெரிகிறது. அதுகூடப் பழகிவிடும். வாரத்தில் அந்த ஒரு நாள் பஸ் வரும் சத்தம் கேட்டால்தான் உட்கார முடியவில்லை. பஸ் நின்று கிளம்பிப் போகிறது. வாசலில் யாரும் கத்துவதில்லை.

உன்னை வைத்துக்கொண்டேன், அவளை இழந்துவிட்டேன். இரண்டையும் வைத்துக்கொள்ள ஒரு வழி இருந்திருக்கும், அதைக் கண்டுபிடிக்கிற அளவுக்கு எனக்குப் பேச்சு போதவில்லை. உன் முதல் நாட்களின் பாலை உனக்குக் கொடுத்தது அவள் கை, உன் உடம்புக்குச் சூடு கொடுத்தது அவள் நெஞ்சு. அந்தக் குமிழிகள் இரத்தத்திலும் பாலிலும்தான் போகுமா, பக்கத்தில் ஒட்டிப் படுத்தால் போகாதா என்று டாக்டரம்மாவிடம் கேட்காமல் விட்டுவிட்டேன். போகாது என்றுதான் சொல்லியிருப்பார். ஆனாலும் உன்னிடம் அவளுடையது ஏதோ இருக்கிறது. பிடித்தால் விடமாட்டேன் என்கிறாய்.

பெரக்கரை நாட்டுக்கு உன்னைத் தூக்கிக்கொண்டு இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் அவள் வீட்டு வேலிப் படல் வரைக்கும் போனேன். உள்ளே பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டது. அக்கா என்று கூப்பிட வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. திரும்பி வந்துவிட்டேன். நீ நடக்கப் பழகியதும் மறுபடியும் போகலாம். படலுக்கு வெளியே உன்னை இறக்கிவிடுகிறேன். நீ கூப்பிடு, கண்ணு.